இப்பத்தாங்க குடிச்சேன்

ஷெபாலி மொண்டல் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது நகராட்சி அலுவலகத்தில் மின்விசிறி நின்றுபோயிருந்தது. அவள் யாரையும் கேட்காமல் உள்ளே வந்தாள். ஓரமாகக் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துவிட்டுச் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

“வேண்டாமுங்க சார். வேற யாருக்காச்சும் குடுத்துருங்க.”

இன்பரசு சாவியைப் பார்த்தார். அந்த வாரத்தில் அது எத்தனையாவது சாவி என்று எண்ணுவதை அவர் விட்டுவிட்டிருந்தார். இழுப்பறையில் போட்டால் ஏற்கெனவே கிடப்பவற்றோடு மோதிச் சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்கத் தெம்பில்லாமல் மேஜைமேலேயே விட்டுவைத்தார்.

“வீட்ல என்னங்கம்மா குறை?”

“வீடு நல்லாத்தானுங்க இருக்குது. ரெண்டு ரூமு, பின்னாடி துணி தொவைக்க எடம், எல்லாமே இருக்குது. ஆனா அந்தப் பக்கம் போனாலே ஒரு மாதிரி இருக்குதுங்க. காலு பின்னுது.”

“பயமா?”

“பயமில்லீங்க.” அவள் யோசித்தாள். “தெரீலீங்க சார். சொல்லத் தெரீல.”

இதே பதிலைத்தான் எல்லாரும் சொன்னார்கள். இன்பரசு வெள்ளைக்கல்பாளையம் நகராட்சியின் புதுக்குடியினர் நலப் பிரிவுக் கண்காணிப்பாளர். பெயர்தான் நீளம், பிரிவு என்பது இரண்டு மேஜைகள். ஒன்று அவருடையது. மற்றது மோகனப்பிரியாவுடையது. இருபது வருடமாக இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்.

கங்கைக் கழிமுகத்துத் தீவுகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போனபிறகு, அங்கே இருந்தவர்களை நாடு முழுக்க ஊருக்கு இத்தனை குடும்பம் என்று பிரித்து அனுப்பினார்கள். வெள்ளைக்கல்பாளையத்துக்கு வந்தவை முந்நூறு குடும்பங்கள். மற்ற ஊர்களில் கல்லெறி, கடையடைப்பு, நீதிமன்றம் என்று நாறிக்கொண்டிருந்தபோது இந்த ஊரில் மட்டும் ஒரு சச்சரவும் இல்லை. அதற்காக டெல்லியில் கொடுத்த கேடயம் ஆணையரின் அறையில் தூசி படிந்து நிற்கிறது. காரணம் நகராட்சி வாங்கிய ஓர் இயந்திரம். அதற்குப் பழக்கப் பதிவு என்று பெயர்.

ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவர் தலையில் மெல்லிய பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு வழக்கம்போல் நடமாட வேண்டும். அவ்வளவுதான். அவருக்குள் ஊறிப்போயிருந்த ஊரைப் பட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதை வந்தவர்களுக்குத் தூங்கும்போது ஏற்றினார்கள். விழித்தெழுந்தபோது அவர்களுக்குத் தமிழ் தெரிந்தது. அதுவும் சுத்தமான கொங்குத் தமிழ். எந்தப் பேருந்து எங்கே நிற்கும், எந்தக் கடையில் பேரம் பேசலாம், கல்யாணப் பந்தியில் எப்போது எழுந்திருக்கலாம் என்பதெல்லாம் பிறந்தது முதல் இங்கேயே இருந்ததுபோல் தெரிந்தது. கொடுத்தவர் யார் என்பதை மட்டும் நகராட்சி ரகசியமாக வைத்துக்கொண்டது.

வந்தவர்களைப் பழைய பஞ்சாலையில் தடுப்புப் போட்டுக் குடிவைத்தார்கள். தற்காலிகம் என்று சொல்லி வைத்தது பல வருடமாகிவிட்டது. இப்போது அந்தக் கூரை தாங்காது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஐப்பசி மழைக்குள் ஆலையைக் காலி செய்தாக வேண்டும். புது வீடுகள் தயாராக நின்றன. அதற்குள் ஆட்கள் குடிபோகாவிட்டால் வீடுகளைக் காவலர் குடியிருப்பாக மாற்றிக்கொள்வதாக அரசு கடிதம் அனுப்பியிருந்தது. அப்புறம் முந்நூறு குடும்பத்துக்கும் தெருதான்.

புது வீடுகள் தெக்கு வளவைத் தாண்டிக் கட்டப்பட்டிருந்தன. வளவு என்றால் என்னவென்று கொங்கு நாட்டில் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொன்னால், ஊரோடு சேர்ந்தும் சேராமலும் தென்கோடியில் கிடக்கிற தெரு அது. அரசு மூன்று தடவை பெயரை மாற்றிவிட்டது. தெரு மாறவில்லை. வீடு கட்ட இடம் தேடியபோது கவுன்சிலர்கள் ஒவ்வொருவராக எழுந்து புதுக்குடியினரை நெஞ்சார வரவேற்றுவிட்டு, தங்கள் வார்டில் மட்டும் இடமில்லை என்று சொல்லி உட்கார்ந்தார்கள். வளவுக் கவுன்சிலர் அன்றைக்கென்று கூட்டத்துக்கு வரவில்லை. அதனால் அங்கே இடம் இருந்தது.

இன்பரசு பிறந்ததும் இன்றுவரை இருப்பதும் அந்த வளவில்தான்.

“நாளைக்குக் காலைல என்கூட ஒருதரம் வாங்கம்மா,” என்றார் ஷெபாலியிடம். “நடந்தே போலாம். எது உங்களைத் தடுக்குதுன்னு பாப்போம்.”

எதிர் மேஜையிலிருந்து மோகனப்பிரியா நிமிர்ந்தாள். “போய்ட்டு வா அம்மிணி. அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

மறுநாள் வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. கடைவீதியிலும் பள்ளிக்கூடத் தெருவிலும் ஷெபாலி கையை வீசிக்கொண்டு நடந்தாள். பூக்காரியிடம் விலை கேட்டாள். வளவு தொடங்குகிற குழாயடிக்கு வந்ததும் அவள் சாலையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டாள். யாரும் அவளைத் தள்ளவில்லை, வண்டி எதுவும் வரவில்லை. தானாகப் போனாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்பரசு இதைப் பார்த்தார். பார்த்ததை மனசுக்குள் தள்ளிவிட்டு நடந்தார்.

புது வீடுகளைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவருடைய மனைவி செல்வராணி வாசலுக்கே வந்து கையைப் பிடிக்காத குறையாக அழைத்தாள். ஷெபாலியின் உதடு வறண்டு வெடித்திருந்தது. செல்வராணி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

ஷெபாலி சிரித்தாள். இரண்டு விரலால் தொண்டைக்குழியைத் தொட்டுக்கொண்டாள்.

“இப்பத்தாங்க குடிச்சேன்.”

செல்வராணியின் கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு, “குடத்துத் தண்ணி, வெயிலுக்குச் சூடாத்தான் இருக்கும், உடுங்க,” என்று சொல்லிவிட்டு டம்ளரிலிருந்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினாள். ஐம்பது வயதுக்குமேல் ஆனவள். அந்தப் பதிலை எந்தக் குரலில் சொன்னாலும் அவளுக்குத் தெரியும்.

திரும்பும்போது குழாயடி தாண்டியதும் ஷெபாலி நின்றுவிட்டாள். புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள்.

“எனக்குத் தாகமா இருந்துதுங்க சார். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. ஆனா கை போகலீங்க. ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரீல. நான் காலைல இருந்து ஒரு வாய்கூடக் குடிக்கலீங்க.”

“சரிங்கம்மா. உடுங்க.”

“எப்படீங்க உடறது? எங்கப்பா படகோட்டி. பெரிய வீடுகள்ல தண்ணி கேட்டா ஒசரக்க இருந்து ஊத்துவாங்களாம், கையேந்திக் குடிக்கோணுமாம். அதைச் சொல்றப்ப அவரு மொகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க. எனக்கு இது எங்கிருந்து வந்துது?”

இன்பரசுவுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அன்று மாலை செல்வராணி சோறு போடும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அத்தனை தூரத்துல இருந்து வந்த புள்ள. கத்துக்கறதுக்கு இந்த ஊர்ல வேற ஒண்ணுமே கெடைக்கலியாமா?”

அவர் சோற்றைப் பிசைந்தார். கோபம் வர வேண்டிய நேரம்தான். ஆனால் வந்தது அசதி. வயதாக ஆகக் கோபத்தின் இடத்தில் அசதி வந்து உட்கார்ந்துகொள்கிறது, எழுப்பினாலும் எழுந்திருப்பதில்லை.

இயந்திரத்தைப் பராமரிப்பவள் ஜெனிட்டா என்ற பெண். சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வருவாள். இந்தத் தடவை இன்பரசு கூப்பிட்டு முன்னதாகவே வந்தாள். ஆணையர் தன் அறையில் இருவரையும் வைத்துப் பேசினார்.

“உக்காருங்க இன்பரசு,” என்றார் ஆணையர். அவர் வெளியூர்க்காரர், நல்ல மனிதர்.

“பரவால்லீங்க சார், நிக்கறேன். முதுகு கொஞ்சம் வலிங்க.”

நடந்ததை இன்பரசு சொன்னார். ஜெனிட்டா தலையை ஆட்டி மறுத்தாள்.

“அப்படிப் போக வாய்ப்பில்ல சார். கொடுத்தவங்களோட முகம், பேரு, நடந்த சம்பவம், யார் மேல கோபம், எல்லாத்தையும் வடிகட்டிருவோம். பழக்கம் மட்டும்தான் போகும். செருப்பை எங்க விடறது, ரோட்டை எப்படிக் கடக்கிறது, அந்த மாதிரி.”

“எந்த வீட்ல தண்ணி குடிக்கறது, எந்த வீட்ல குடிக்காம இருக்கறதுங்கறது சம்பவமுங்களா, பழக்கமுங்களா?”

ஆணையர் மேஜைமேலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

“பழக்கம்,” என்றாள் ஜெனிட்டா கடைசியில்.

“அதை மட்டும் எடுத்துட முடியாதாம்மா?” என்று ஆணையர் கேட்டார்.

“தனியா ஒரு இடத்துல இருந்தா எடுக்கலாம் சார். இது நடக்கறதுல, பேசறதுல, சிரிக்கறதுலகூடக் கலந்திருக்கு. இதைப் பிடிச்சு இழுத்தா மொத்தப் பதிவும் வந்துரும். பாஷையும் போயிரும்.”

அப்படியானால் பழையதை எடுத்துவிட்டு வேறொருவருடைய பதிவை ஏற்றுவதுதான் வழி என்று முடிவானது. யாருடையது என்ற பேச்சு வந்தபோது இருவரும் இன்பரசுவைப் பார்த்தார்கள். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

முதலில் செய்ய வேண்டிய வேறொரு வேலை இருந்தது. அதற்குத்தான் அவருக்கு மனமில்லை.

மதியம் மோகனப்பிரியா சாப்பாட்டைத் திறந்தாள். அரிசியும் பருப்பும் சாதம். வழக்கம்போல் முதல் கரண்டியை இன்பரசுவின் தட்டில் வைத்தாள். தீபாவளிக்குக் கச்சாயம், பொங்கலுக்குக் கரும்பு என்று இருபது வருடமாக அவள் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். அவருடைய மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து கடைசிவரை நின்று பந்தி பரிமாறியவள். தீவுக்காரர்களுக்காகக் கவுன்சிலர்களோடு மல்லுக்கட்டியவள். எந்த அறைக்குள் போனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுவாள். அவளுக்கு இல்லை என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. அந்தப் பந்தியில் அவள் சாப்பிட்டாளா என்று இன்பரசு யோசித்துப் பார்த்தார். வயிறு சரியில்லை என்று சொன்ன ஞாபகம்.

இருபது வருடத்தில் இது அவருக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வதில் ஒரு வசதி இருக்கிறது. எதிர் மேஜைக்காரியோடு தினமும் சண்டை போட முடியாது.

அவர் தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். “தண்ணி குடிங்க அம்மிணி.”

மோகனப்பிரியாவின் இரண்டு விரல்கள் தொண்டைக்குழிக்குப் போயின. “இப்பத்தாங்ணா…”

அவர் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள். பஞ்சாலையிலிருந்து வருகிற பெண்கள் எல்லாரும் அந்த இடத்தை அப்படித் தொடுவதை அவளும் எத்தனையோ தடவை பார்த்திருக்க வேண்டும். கையைச் சட்டென்று இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் என்னைக்காச்சும் வித்தியாசமாப் பேசியிருக்கறனாங்ணா?”

“இல்லீங்க.”

“மனசுலகூட நெனச்சதில்லீங்ணா. என்ற புள்ளைக மேல சத்தியமா.”

“தெரியுமுங்க.”

அவள் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். பாதிப் பாட்டில்வரை குடித்தாள். கஷாயம் குடிக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தது இருவருக்குமே தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் தெரியாமயே அந்தப் பட்டையக் கட்டீட்டு முந்நூறு குடும்பத்துக்கு ஊத்திக் குடுத்திருக்கறேன்,” என்றாள். பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவைத்தாள்.

இன்பரசு அவளைத் தேற்ற நினைத்தார். தேற்ற வேண்டியவர் தான்தானா என்ற எரிச்சலும் கூடவே வந்தது. இரண்டையும் விட்டுவிட்டு மாடிப்படி ஏறி ஆணையரிடம் போய், தன் பதிவை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பட்டையைக் கட்டிக்கொண்டு நடந்த இரண்டு வாரமும் அவருக்குக் கொஞ்சம் தெம்பாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். “கல்யாண மாப்ளையாட்டம் தலைல பட்டம் கட்டீட்டுத் திரியறீங்க,” என்று செல்வராணி கேலி செய்தாள். வளவில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கடைவீதிக்குப் போனார், பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் எப்போதும்போல வெளியே மின்கம்பத்தடியில் நின்று டீ குடித்தார். உள்ளே புழுக்கம் என்பது அவர் கட்சி. இனி முந்நூறு குடும்பத்துக்குத் தன் தெருதான் சொந்தத் தெரு என்று நினைத்தபோது, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

எல்லாருக்கும் ஏற்றுவதற்கு முன்னால் ஒருவருக்கு ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றாள் ஜெனிட்டா. ஷெபாலி தானே வந்தாள்.

“கூரை ஒழுக ஆரம்பிச்சிருச்சுங்க சார். அதுவுமில்லாம அந்தத் தண்ணிய நான் குடிச்சாகோணும்.”

பழைய பதிவை எடுத்தபிறகு புதியதை ஏற்ற ஒருநாள் இடைவெளி விட வேண்டும். அந்த ஒருநாள் ஷெபாலிக்குத் தமிழ் சுத்தமாக இல்லை. நகராட்சி மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து, சன்னலுக்கு வெளியே தெரிந்த ஊரை முதன்முதலாகப் பார்ப்பவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வராணி பார்க்கப் போனாள். பாஷை தெரியாதவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், கொண்டுபோன சொம்பை நீட்டினாள். ஷெபாலி அதை இரண்டு கையாலும் வாங்கி அண்ணாந்து குடித்தாள். தண்ணீர் மோவாயில் வழிந்தது. வங்க மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். செல்வராணியும் சிரித்தாள். இதை வீட்டுக்கு வந்து அவள் சொன்னபோது இன்பரசு பாதி காதில்தான் வாங்கிக்கொண்டார். மறுநாள் என்ன ஆகுமோ என்ற கவலையில் இருந்தார்.

மறுநாள் எல்லாம் நினைத்ததுபோலவே நடந்தது. ஷெபாலி விழித்து எழுந்து நேராக வளவுக்கு நடந்தாள். சாலையின் மறுபக்கம் போகவில்லை. செல்வராணியின் சமையல்கட்டில் போய் உட்கார்ந்து, “ஒரு டம்ளர் தண்ணி குடுங்கக்கா,” என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். அங்கேயே சாப்பிட்டாள். புது வீட்டைத் திறந்து கூட்டிப் பால் காய்ச்சினாள். ஆணையர் கேடயத்தைத் துடைத்து வைக்கச் சொன்னதாக ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை வீட்டு ஒதுக்கீட்டு உத்தரவை வாங்கிக்கொள்ள ஷெபாலியை அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார் இன்பரசு. அவர் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். வாசலில் நிழல் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

ஷெபாலி நிலைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். செருப்பு இன்னும் தள்ளிக் கிடந்தது. மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கி, கைகளை வயிற்றின்மேல் கட்டியிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“வாங்கம்மா. ஏன் அங்கயே நின்னுட்டீங்க?”

அவள் உள்ளே வந்தாள். இரண்டு எட்டு வைத்து, சுவரோரமாக நின்றாள். அவள் எப்போதும் இழுத்துப் போட்டு உட்கார்கிற நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“உக்காருங்க.”

“பரவால்லீங்க சார், நிக்கறேன். முதுகு கொஞ்சம் வலிங்க.”

இன்பரசு அவளைப் பார்த்தார். அரிசி மூட்டையைத் தனியாளாகத் தூக்கி வண்டியில் போடுகிற பெண்.

“எப்ப இருந்து வலி?”

அவள் நிஜமாகவே யோசித்தாள். “வலின்னு இல்லீங்க. நாற்காலியப் பாத்தா வலிக்கும்னு தோணுது. நின்னாத்தான் நிம்மதியா இருக்குது.”

எதிர் மேஜையில் மோகனப்பிரியா எழுதுவதை நிறுத்தியிருந்தாள். சில வாரமாக அவள் அதிகம் பேசுவதில்லை.

“அண்ணா,” என்றாள் மெதுவாக. “ஆணையர் ரூம்ல நீங்க இப்படித்தானுங்ணா நிப்பீங்க. கை கட்டறதுகூட இதேதான்.”

“எனக்கு முதுகு வலிங்க அம்மிணி.”

“வீட்ல மணிக்கணக்கா உக்காந்து கேரம் ஆடறீங்களாம். அண்ணி சொன்னாங்க.”

இன்பரசு தன் கையைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார். அப்பா பள்ளிக்கூட வாசலில், கூட்டுறவு வங்கி வாசலில், கல்யாண மண்டப வாசலில் நின்றது ஞாபகம் வந்தது. அப்பாவுக்கும் முதுகு வலி என்றுதான் வீட்டில் பேச்சு. படித்து, பரீட்சை எழுதி, அரசு நாற்காலியில் உட்கார்ந்து இத்தனை வருடம் ஆனபிறகும் அது தன்னிடம் இருக்கிறது என்பது அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, படகில் ஏறித் தப்பிவந்த ஒரு பெண்ணுக்கு அதைத் தன் கையால் கொடுத்துவிட்டோம் என்பது தாங்கமுடியாமல் இருந்தது.

மேஜைமேல் தொலைபேசி அடித்தது. ஆணையர்.

“இன்பரசு, பிரமாதம். ஜெனிட்டா ரெடியா இருக்காங்க. நாளையில இருந்து எல்லாருக்கும் ஏத்திரலாமா? மழைக்கு முன்னாடி முடிச்சிரலாம்.”

“சார்…” என்றவர், தான் நின்றுகொண்டிருப்பதைக் கண்டார். மணி அடித்ததும் எழுந்திருக்கிறார். தொலைபேசிக்கு எழுந்து நின்றிருக்கிறார். ஷெபாலி சுவரோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இருந்தது.

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்துகொண்டு பேசுவது சிரமமாகத்தான் இருந்தது.

“வேண்டாமுங்க சார். என்னோடதை யாருக்கும் ஏத்த வேண்டாம்.”

“என்ன சொல்றீங்க? அந்தம்மா குடிபோயிட்டாங்களே. தண்ணி குடிக்கிறாங்களே.”

“குடிக்கறாங்க. ஆனா உக்கார மாட்டேங்கறாங்க.”

ஆணையருக்குப் புரியவில்லை. இன்பரசு விளக்க முயன்றார்; பாதியில் விட்டார். பாதி காதில் வாங்கியிருந்த சொம்புத் தண்ணீர்க் கதை அப்போதுதான் அவருக்கு முழுதாகக் கேட்டது.

“சார், நடுவுல ஒருநாள் அவங்ககிட்ட யாரோடதும் இல்லாம இருந்துதுங்க. அன்னைக்குத் தண்ணி குடுத்தோம், குடிச்சாங்க. அவ்ளோதான். வேணும்னு கேக்கறவங்களுக்கு இருக்கறதை எடுத்துட்டு அப்படியே உட்ருவோம். வீட்டுக்குப் போயிருவாங்க.”

“பாஷை போயிருமேய்யா. கடைக்குப் போகணும், வேலைக்குப் போகணும்.”

“போகுமுங்க. நாங்க பேசிப் பழகிக் குடுக்கறோம்.”

“எவ்வளவு நாளாகும்?”

“நாளாகுமுங்க சார்.”

எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது. சச்சரவு வரும், பேப்பரில் வரும், கேடயம் கொடுத்தவர்கள் கேட்பார்கள் என்றார் ஆணையர். வருமுங்க என்றார் இன்பரசு. நாளைக்கு நேரில் பேசலாம் என்று ஆணையர் வைத்துவிட்டார்.

மோகனப்பிரியா எழுந்து போய் நாற்காலியை ஷெபாலியின் பக்கம் நகர்த்தினாள். ஷெபாலி அதைப் பிறத்தியார் வீட்டுப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கட்டாயப்படுத்த இருவருக்கும் மனம் வரவில்லை.

“வாங்கம்மா, டீ குடிச்சுட்டு வரலாம்,” என்றார் இன்பரசு.

எதிர்க் கடைக்குப் போனார்கள். மின்கம்பத்தடி வந்ததும் இருவருடைய காலும் ஒரே நேரத்தில் நின்றது. நின்றதை இருவரும் கவனித்தார்கள். இன்பரசு தலையைக் குனிந்துகொண்டு கடைக்குள் நுழைந்தார். அவள் பின்னால் வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உள்ளே புழுக்கமாக இல்லை. மின்விசிறி நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

“என்னோடதையும் எடுத்துரலாமுங்களாம்மா?” என்று கேட்டார்.

“எடுத்துட்டா உங்ககிட்ட எப்படீங்க பேசறது?”

“மெதுவா.”

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். கடைக்காரர் வந்து ஈரத்துணியால் மேஜையைத் துடைத்து, இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தைப் புரட்டினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. இத்தனை வருடத்திலும் யாரும் எதுவும் சொன்னதில்லை என்பது இன்பரசுவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஷெபாலி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவரும் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.